புழல் சிறையில் இருக்கும் தம்பிக்கு வலிப்பு மாத்திரை: சிறுநீர்ச் சோதனையில் சிக்கல் வருமா?

சகோதரி, புழல்ல இருக்கிற தம்பி வலிப்புக்கு குளோபசாம் போடுறாரு, சிறுநீர்ச் சோதனையில மாட்டிக்குவாரான்னு கேட்டிருந்தீங்க. பயம் நியாயமானதுதான். அது பென்சோடயசெபைன் (நரம்பைச் சாந்தப்படுத்துற மருந்து) வகை, சிறுநீர்ல முக்கிப் பார்க்கிற பட்டைச் சோதனையில பாசிட்டிவ் காட்டலாம் (பட்டையில ‘டி’ன்னு போட்ட இடத்துல கோடு விழலைன்னா பாசிட்டிவ்). ஆனா எந்த மருந்துன்னு பட்டை சொல்லாது. அதுக்கு ஆய்வகத்துல மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி (எந்த மருந்துன்னு துல்லியமா காட்டுற சோதனை) பண்ணணும். அந்தச் சோதனையை வக்கீல் மூலமா மனு எழுதிக் கேளுங்க.

இங்கிலாந்துல 2021-ல சட்டம் போட்டு சிறைச் சோதனையை டாக்டர் சீட்டு மாத்திரைகளுக்கும் விரிவாக்கினாங்க. அங்கயும் தனக்கு எழுதிக்கொடுத்த மருந்தைச் சாப்பிட்டது குற்றமில்லை.

ஜி.எச். சீட்டு நகலை சிறை மருத்துவர்கிட்ட கொடுத்து, இன்னொரு நகல்ல கையெழுத்து வாங்கிடுங்க. மனு போட்டுப் பார்க்கப் போறப்ப மாத்திரையை நேரா தம்பி கையில கொடுக்கவே கொடுக்காதீங்க. அதேசமயம் மாத்திரை திடீர்னு நின்னா வலிப்பு கடுமையாயிடும், அதையும் வக்கீல் மூலமா கொடுக்கிற மனுவுல எழுதுங்க.