நான்கு பேர் வீட்டில் ஐந்தாவது ஆள்

கேள்வி: மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்காக வீட்டுப் பட்டியல் எடுக்க வந்த அரசுப் பள்ளி ஆசிரியையிடம், நான், மனைவி, இரு பிள்ளைகள் என நான்கு பேர் என்று மட்டும் சொல்லி, மற்ற கேள்விகளுக்குப் பதில் தர மறுத்து அனுப்பிவிட்டேன். அவர் சுவரில் எழுதிப் போன எண்ணையும், சமையலை முடித்துவிட்டு வந்த அத்தையிடம் சொல்லி அழிக்கச் செய்தேன். இது தாத்தா கட்டிய வீடு. இங்கே யார் யார் இருக்கிறோம் என்று அரசாங்க ஏட்டில் ஏறினால் நாளைக்கு வில்லங்கம் வரும். மறுத்தால் மூன்றாண்டு சிறை என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

பதில்: நான்கு பேர் என்கிறீர்கள். அந்த நால்வருக்கும் சமைத்து வைத்துவிட்டு வந்து சுவரைத் துடைத்த அத்தை எத்தனையாவது ஆள்?

இத்தகைய கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. கணக்கெடுப்பாளரிடம் மறைக்கப்படுவது பெரும்பாலும் பணமோ நகையோ அல்ல, வீட்டுக்குள் இருக்கும் ஒரு மனிதர்தான். வழக்கமாக ஒன்றாக வசித்து, ஒரே சமையலறையில் சமைத்ததை உண்பவர்களையே கணக்கெடுப்பு ஒரு குடும்பம் என்று கொள்கிறது; குடும்ப அட்டையில் பெயர் இருக்கிறதா, வீடு யார் பெயரில் இருக்கிறது என்பதெல்லாம் அங்கே பொருட்டில்லை. அந்தச் சமையலறையே உங்கள் அத்தையின் கையில் இருக்கும்போது அவரை எப்படி விட்டீர்கள்?

சிறையைப் பற்றிக் கேட்டீர்கள். 1948ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, கேட்ட கேள்விக்குத் தெரிந்தவரை உண்மையாகப் பதில் சொல்லும்படி உங்களைக் கட்டுப்படுத்துகிறது. பதில் மறுப்பதும், தெரிந்தே பொய் சொல்வதும், எழுதிய எண்ணை அழிப்பதும் 11ஆம் பிரிவின் கீழ் குற்றங்கள். தண்டனை ஆயிரம் ரூபாய் வரை அபராதம். மூன்றாண்டு வரையிலான சிறை, கடமை தவறும், தகாத கேள்வி கேட்கும், விவரத்தை வெளியே விடும் கணக்கெடுப்பு அலுவலர் போன்றோருக்கு உரியது. அதாவது, நீங்கள் வாசலோடு அனுப்பிய அந்த ஆசிரியையின் தலைமேல்தான் பெரிய தண்டனை தொங்குகிறது. மாநில அரசின் முன் அனுமதி இல்லாமல் வழக்கும் தொடர முடியாது. இதைப் படித்து நீங்கள் நிம்மதி அடைந்தால் எனக்கு வருத்தமே. மூன்று குற்றங்களில் இரண்டை நீங்கள் செய்தீர்கள். மூன்றாவதை, உங்கள் சொல்லைத் தட்ட முடியாத ஒரு பெரியவரின் கையால் செய்வித்தீர்கள்.

சொத்துப் பயத்துக்கும் இடமில்லை. கணக்கெடுப்புப் பதிவுகளைப் பார்வையிட எவருக்கும் உரிமை இல்லை என்றும், எந்த உரிமையியல் வழக்கிலும் அவை சாட்சியமாக ஏற்கப்படமாட்டா என்றும் 15ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. தாத்தாவின் வீட்டில் அவருடைய மகளுக்குப் பங்கு இருந்தால், அது ஆசிரியையின் கைப்பேசியில் ஏறுவதால் பிறப்பதும் இல்லை, ஏறாததால் அழிவதும் இல்லை. பங்கு கேட்டுவிடுவாரோ என்று அஞ்சும் ஒருவரை அடுப்படியில் நிறுத்தி மூன்று வேளையும் பரிமாறச் சொல்லிச் சாப்பிடுகிறீர்களே, அதற்கு உங்களுக்குக் கூச்சமாக இல்லையா?

இதே சட்டம் பழைய வழக்கங்களுக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறது என்பதையும் கேளுங்கள்: வீட்டுப் பெண்களின் பெயரைச் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, கணவரின் பெயரைச் சொல்லும்படி மனைவியையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 8ஆம் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. பெயரைச் சொல்லாமல் இருக்கலாம். ஆளையே இல்லை என்று சொல்ல எந்த விலக்கும் இல்லை. தகப்பனாரின் உடன்பிறந்தவளைத் தாங்குவது மருமகனின் கடமை என்று நம்புகிறவள் நான். தாங்குவது என்றால் சோறு போடுவது மட்டுமில்லை. உங்கள் வீட்டில் சோறு போடுவதே அவர்தான்.

வட்டாட்சியர் அலுவலகத்திலோ மாநகராட்சி அலுவலகத்திலோ கேட்டால் உங்கள் பகுதிக்கான கணக்கெடுப்பாளர் யார் என்று தெரியும். அவரிடம் நேரில் சென்று, ஐந்து பேர் என்று திருத்திச் சொல்லுங்கள். 2027 பிப்ரவரியில் ஒவ்வொருவரையும் பற்றிய விவரம் கேட்க மீண்டும் வருவார்கள். அன்று அத்தையைக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, அவருடைய பதில்களை அவரையே சொல்லவிடுங்கள். அன்றைக்குச் சமையலை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.