பதினெட்டாவது கட்டம்

அன்புள்ள ஐயா,

ஜனவரி 1 அன்று நான்கு தீர்மானங்கள் எடுத்தேன். காலை ஐந்து மணிக்கு எழுவது, அரைமணி நேர நடை, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு ஒரு மணி நேரம் எழுதுவது, போனைக் குறைப்பது. கட்டம் போட்ட தாளைச் சுவரில் ஒட்டி, முடித்த நாளைச் சிவப்புப் பேனாவால் டிக் செய்து வந்தேன். 17 நாள் தவறவில்லை. 18-ம் தேதி காய்ச்சல். மூன்று நாள் படுக்கை. அதோடு போயிற்று. இப்போது அந்தத் தாளைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே, இன்னும் நான்கு நாள் இருக்கும்போது கோட்டை விட்டுவிட்டேன். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? அடுத்த மாதம் 1-ம் தேதி வரை பொறுக்கலாமா? இல்லை, எனக்கு மன உறுதி என்பதே கிடையாதா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

காய்ச்சல் விட்டதா? அதைச் சொல்லாமல் மன உறுதியைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் இந்த 21 நாள் கதை. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதியது அது. முகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்றார். கைமாறிக் கைமாறி வந்ததில் ‘குறைந்தது’ உதிர்ந்துபோய், கண்ணாடியில் புது மூக்கைப் பார்த்துப் பழகும் கணக்கு விடியற்காலை எழுவதற்கும் கணக்காகிவிட்டது.

பழக்கம் படிவதை அளந்தே பார்த்தவர்கள் இருக்கிறார்கள். லண்டனில் பிலிப்பா லாலியும் அவருடைய சகாக்களும் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். தண்ணீர் குடிப்பது, பழம் சாப்பிடுவது, கொஞ்ச தூரம் ஓடுவது என்று ஆளுக்கொரு சின்னக் காரியம். யோசிக்காமல் தானாகச் செய்யும் நிலைக்கு வர நடுமட்டமாக 66 நாள் ஆனது. ஒருவருக்கு 18, இன்னொருவருக்கு 254. (ஆய்வு நடந்ததே 84 நாள்தான். 254 என்பது வரைபடத்தின் கோட்டை நீட்டிப் பார்த்துக் கண்டது.) நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய சேதம் எதுவும் இல்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது.

நீங்கள் விட்டது ஒரு நாள் இல்லை, சரி. ஆனால் காய்ச்சல் எடுத்துக்கொண்டது மூன்று நாளைத்தான். அதற்குப் பிந்தைய நாட்களை எடுத்துக்கொண்டது சுவரில் இருக்கும் அந்தத் தாள்.

இதில் எனக்கும் அனுபவம் உண்டு. ஒரு வருடம் நாட்குறிப்பு எழுத ஆரம்பித்து, பிப்ரவரியில் பதினோரு நாள் விட்டுப்போனது. வெற்றுப் பக்கங்களைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. ஓர் இரவு உட்கார்ந்து பதினோரு நாளையும் நிரப்பினேன். ஒன்பதாவது பக்கத்தில் ஒன்றும் நினைவுக்கு வராமல் “மழை, தலைவலி” என்று எழுதி வைத்தேன். அன்று மழையும் இல்லை, தலைவலியும் இல்லை. மறுநாள் அந்த நோட்டைத் தொடவே பிடிக்கவில்லை. மிச்சப் பக்கங்கள் போன் நம்பர் குறிக்கவும், பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்க்கவும் ஆயின. இப்போது தேதி அச்சடித்த நோட்டே வாங்குவதில்லை. 4-ம் தேதிக்கு அடுத்த வரியில் 15-ம் தேதி இருக்கும்.

உங்கள் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். எல்லோரும் தூங்கிய பிறகு ஒரு மணி நேரம் எழுத்து, காலை ஐந்து மணிக்கு விழிப்பு. இரண்டையும் ஒரே உடம்பின் தலையில் கட்டியிருக்கிறீர்கள். 17 நாள் அது தாங்கியதே பெரிது. காய்ச்சலுக்குக் காரணம் அதுதான் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனாலும் சந்தேகம் வருகிறது.

எழுத்தை வைத்துக்கொள்ளுங்கள், கடிதத்தில் உங்களுக்கு நிஜமாகவே ஆசை தெரிவது அதில்தான். ‘தினமும் எழுதுவேன்’ என்று மட்டும் வைத்தால் பிடிமானம் இல்லை. எப்போது, எங்கே, எதை முடித்த கையோடு என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் சொன்னதைச் செய்துமுடிப்பது கூடுகிறது என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களிலிருந்தே சொல்லி வருகிறார். இரவுச் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவி வைத்ததும் அதே மேஜையில் ஒரு பத்தி, அவ்வளவு போதும். உடம்பு சரியில்லாத நாளுக்கு ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியையும் இப்போதே தீர்மானத்தில் சேர்த்துவிடுங்கள், அப்புறம் சலுகை கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம்.

1-ம் தேதிக்கு ஒரு கவர்ச்சி உண்டு, மறுக்கவில்லை. வாரமும் மாதமும் வருடமும் பிறக்கும்போது உடற்பயிற்சிக் கூடத்துக்கு வருவோர் கூடுவதை 2014-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு எண்ணியே காட்டியிருக்கிறது. ஆனால் 1-ம் தேதிக்காகக் காத்திருக்கும் நாளெல்லாம் விடுமுறையாகிவிடும், அது உங்களுக்கும் தெரியும்.

தாளைக் கிழிக்க வேண்டாம். பதினெட்டாவது கட்டமும் அதற்குப் பின்னால் உள்ளவையும் காலியாகவே இருக்கட்டும். இன்றைய கட்டத்தில் டிக் போடுங்கள். அந்த ஐந்து மணியை மட்டும் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.