ஆன்பான்மேனை ஏன் விட்டீர்கள்?

அன்புள்ள ஐயா,

அனிமேஷனின் பொற்காலம் 1988 என்று ஒரு பட்டியலில் படித்தேன். டோட்டோரோ, மின்மினிகளின் கல்லறை, அகிரா மூன்று படங்களுமே ஜப்பானில் அந்த ஆண்டு வந்தவை. முதல் இரண்டையும் அங்கே ஒரே டிக்கெட்டில் சேர்த்துக் காட்டினார்களாம். நானும் அப்படியே ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ஏழு வயது மகளுக்கு இரண்டையும் போட்டேன். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. மின்மினிகளின் கல்லறையில் வரும் அந்தப் பாப்பா ஏன் செத்தது என்று இன்னும் கேட்கிறாள். நான் செய்தது தவறா? அனிமேஷன் குழந்தைகளுக்கா, பெரியவர்களுக்கா? அதில் அண்ணனையும் தங்கையையும் வீட்டில் வைத்திருக்கும் அந்த அத்தையைப் போல ஒரு கொடுமைக்காரி இருக்க முடியுமா? மூன்றில் எது சிறந்தது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஏழு வயதுக் குழந்தைக்குக் காட்டுகிற படமா மின்மினிகளின் கல்லறை? முதல் காட்சியிலேயே அண்ணன்காரன் ரயில் நிலையத் தூணில் சாய்ந்தபடி செத்துப்போகிறான், அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டாமா? ஜப்பானில் இரண்டையும் ஒட்டி வெளியிட்டதற்கு வேறு காரணம். டோட்டோரோவை மட்டும் நம்பிப் பணம் போட யாரும் முன்வரவில்லை, அதனால் மின்மினிகளின் கல்லறையை, அதாவது இயக்குநர் தகாஹாதாவின் படத்தை, எடுக்க ஷின்சோஷா பதிப்பகத்தைப் பிடித்து, இரண்டையும் ஜோடியாக 1988 ஏப்ரல் 16 அன்று தியேட்டருக்கு அனுப்பினார்கள். உங்கள் வீட்டுக்கு அந்த நெருக்கடி இல்லையே.

எது சிறந்தது என்ற கேள்வியை விட்டுவிடுவோம். குழந்தைகளுக்கா பெரியவர்களுக்கா என்பதும் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனது.

ஆனால் அந்த அத்தை விஷயத்தை விட முடியாது. சில நாட்களாக அவளைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கஞ்சி ஊற்றும் காட்சியைத் திரும்பப் பாருங்கள். தன் ஆட்களுக்கு அகப்பையை அடிவரை விட்டு எடுக்கிறாள், அந்த இரண்டு பிள்ளைகளுக்கு மேலாக மொண்டு ஊற்றுகிறாள். அவ்வளவுதான், முகத்தில் ஒரு கொடுமையும் கிடையாது. நான் பள்ளிக்கூடப் படிப்புக்காக ஓர் உறவுக்காரர் வீட்டில் வளர்ந்தவன். பரிமாறுகிறவன் தன்னவனானால் கடைப்பந்தியில் இருந்தால் என்ன என்பார்கள், நான் முதல் பந்தியில் உட்கார்ந்தும் எனக்கு மேல்கஞ்சிதான். தட்டைப் பார்க்கவே வேண்டாம், விழுகிற சத்தத்திலேயே தெரிந்துவிடும். நீர் விழுந்தால் ஒரு சத்தம், சோறு விழுந்தால் ஒரு சத்தம். எனக்கு ஊற்றிய அந்த வீட்டு அத்தையைக் கெட்டவள் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. வீடு நிறையப் பிள்ளைகள், மாதக் கடைசியில் ரேஷன் அரிசி, மாமாவுக்கு நிலையான வேலை கிடையாது. எனக்கு அம்மை போட்டபோது வேப்பிலையோடு ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளும் அவள்தான். இரண்டும் ஒரே கைதான். கொடுமைக்காரி என்று ஒரே சொல்லில் முடித்துவிட உங்களுக்கு எப்படி மனம் வந்ததோ தெரியவில்லை, பசி தெரியாத வீட்டில் வளர்ந்தவராக இருக்க வேண்டும். நல்லது, அப்படியே இருங்கள்.

தகாஹாதா அந்தக் காலத்துப் பிள்ளை. 1945 ஜூனில் ஒகாயாமாவில் குண்டு விழுந்த இரவில் தீக்கு நடுவே ஓடித் தப்பியபோது அவருக்கு 9 வயது. காலி மிட்டாய் டப்பாவில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கித் தங்கைக்குக் கொடுக்கும் காட்சியில் அவள் ஒவ்வொரு மிட்டாயின் ருசியாகத் தேடிச் சொல்கிறாள் பாருங்கள். அதை வரைய வெறும் படம் வரையத் தெரிந்தால் போதாது.

அப்புறம் உங்கள் பட்டியல். அதே 1988 அக்டோபரில் ஜப்பான் தொலைக்காட்சியில் ஆன்பான்மேன் என்ற குழந்தைகள் அனிமேஷன் தொடர் தொடங்கியது. அதை ஏன் விட்டீர்கள்? மூன்று வயதுப் பிள்ளைகள் பார்ப்பது என்பதாலா? பயற்றம்பூரணம் வைத்த பன்தான் அந்த நாயகனுடைய தலை. பசியோடு யாராவது எதிர்ப்பட்டால் தன் முகத்தைப் பிய்த்துச் சாப்பிடக் கொடுக்கிறான். கொடுத்ததும் அவனுக்குத் தெம்பு போய்விடும், ஜாம் மாமா புதுத் தலை சுட்டுத் தர வேண்டும். 1973இல் படப்புத்தகமாக வந்தபோது பெரியவர்களுக்கு இது பிடிக்கவில்லை, முகத்தைத் தின்னக் கொடுப்பதா என்று முகம் சுளித்தார்கள். பாலர் பள்ளிப் பிள்ளைகள் புத்தகம் கிழியக் கிழியப் படித்தார்கள். தொடர் தொடங்கும்போது ஆன்பான்மேனைப் படைத்த யானாசே தகாஷிக்கு 69 வயது! சீனாவில் சிப்பாயாக இருந்தவர், தம்பியைப் போரில் பறிகொடுத்தவர். நேற்று நியாயம் என்று சொல்லிச் சண்டைக்கு அனுப்பியதெல்லாம் தோற்றதும் அநியாயமாகிவிட்டது, பசித்தவனுக்கு ஒரு வாய் கொடுப்பது மட்டும் எந்தப் பக்கத்தில் நின்று பார்த்தாலும் மாறாது என்பது அவர் கட்சி. அதைத்தான் பன் தலையாக வரைந்தார். கட்டடங்களைத் தூள்தூளாக்கும் நாயகர்கள் எனக்கும் பிடிக்கும், ஆனால் எதிரில் நிற்பவன் சாப்பிட்டானா என்று கேட்கிறவன் இவன் ஒருவன்தான். ஏப்ரலில் பசியால் செத்த குழந்தை, அக்டோபரில் முகத்தையே ஊட்டுகிறவன், இரண்டையும் ஒரே ஆண்டில் கொடுத்தது போரில் அடிபட்ட தலைமுறை. உங்கள் பட்டியல்காரருக்கு இது கண்ணில் படவில்லை, அவர் அகிராவின் பைக் துரத்தலில் இருந்திருப்பார்.

மகள் கேட்டால் மழுப்பாதீர்கள். சாப்பாடு கிடைக்கவில்லை, அதனால் செத்தது என்று சொல்லுங்கள், ஏழு வயதுக்குப் புரியும். சொன்ன கையோடு அவளுக்கு ஆன்பான்மேன் இரண்டு எபிசோடு போடுங்கள், மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை. அகிரா பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். தயவுசெய்து அதையும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை போட்டுவிடாதீர்கள்.