இலவு காத்த பதினான்கு பேர்

கேள்வி: வரப்போகிற எம்எம்ஓஆர்பிஜி (ஆயிரக்கணக்கானவர்கள் இணையத்தில் ஒரே உலகத்தில் சேர்ந்து ஆடும்) கேம்களில் எதற்காகக் காத்திருக்கலாம்? பிளேயர்கள் உண்மையில் எதிர்பார்ப்பது என்ன?

எதற்காகவும் காத்திருக்காதீர்கள். என் பதில் இவ்வளவுதான். ஆனால் இந்தக் கேள்வி என்னைக் கொஞ்சம் ஆழமாகவே தொட்டுவிட்டது, அதனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வியைப் படித்ததும் உங்கள் நிலைமை ஓரளவு புரிந்தது. ஏதோ ஒரு கேமில் சில வருடம் ஊறிக் கிடந்திருக்கிறீர்கள். அது சலித்துவிட்டது, அல்லது கூட ஆடியவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். இப்போது டிரெய்லர் டிரெய்லராகப் பார்த்துக்கொண்டு, அடுத்தது வந்துவிட்டால் பழைய உற்சாகம் திரும்பிவிடும் என்று நம்புகிறீர்கள். என் கணிப்பு தவறென்றால் மன்னியுங்கள். நான் அப்படித்தான் இருந்தேன்.

நான் ஆடிய கேமின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு அந்தக் கேம் நல்லதா கெட்டதா என்று திரும்பிவிடும். அதில் நான் ஹீலர் (கூட ஆடுபவர்களின் உயிரைக் காப்பாற்றுபவள்), ஆறு வருடம். கேம் உலகத்தின் ஒவ்வொரு பிரதியும் ஒரு சர்வர், எங்களுடையது சின்னது என்பதால் பாதிப் பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குத் தெரியும். எங்கள் கில்டின் (சேர்ந்து ஆடும் குழுவின்) டேங்க், அதாவது எதிரியின் அடியைத் தன்மேல் வாங்கிக்கொள்பவர், பாஸ் என்ற பெரிய எதிரியை இழுப்பதற்கு முன் இரண்டு தடவை குதிப்பார். இரண்டாவது தடவை அவர் கால் தரையில் படுவதற்குள் என் கேடய மந்திரம் அவர்மேல் இருக்க வேண்டும். யாரும் சொல்லித்தரவில்லை, சேர்ந்து ஆடி ஆடி வந்த பழக்கம். உயர்ந்த ரக வாள் அடிக்கத் தெரிந்த கொல்லர் அந்த சர்வரிலேயே ஒருவர்தான். அவர் வேறு கண்டத்துக்காரர், எனக்கு நள்ளிரவு ஆகும்போதுதான் ஆன்லைன் வருவார். வாள் வேண்டுமென்றால் கண்விழித்திருக்க வேண்டும். அவருடைய பட்டறை வாசலில் எப்போதும் நாலைந்து பேர் காத்து நிற்போம், நிற்கிற நேரத்தில் பேசுவோம். இன்றுவரை எனக்கு மிக நெருக்கமாக இருக்கிற இரண்டு பேரை அந்த வாசலில்தான் சந்தித்தேன்.

டஞ்சன் என்ற, எதிரிகள் நிறைந்த நிலவறைக்குள் போக ஐந்து பேர் வேண்டும். ஒரு டேங்க், ஒரு ஹீலர், அடிப்பதற்கு மூன்று பேர். சில நாள் ஆள் சேர்க்கவே ஒரு மணி நேரம் ஆகிவிடும். எல்லோருக்கும் எரிச்சல். தானாக ஆள் சேர்த்துக் கொடுக்கும் வசதி வேண்டும் என்று கேட்டு எழுதியவர்களில் நானும் ஒருத்தி. அப்புறம் கேமைப் புதுப்பிக்கும் ஒரு பேட்சில் அது வந்தது. பொத்தானை அழுத்தினால் வேறு வேறு சர்வர்களிலிருந்து முன்பின் தெரியாத நான்கு பேர் வந்து சேர்வார்கள், நேராக டஞ்சனுக்குள் போய் நிற்கலாம்.

முதல் வாரம் திருவிழா மாதிரி இருந்தது. நாலு மாதம் கழித்துப் பார்த்தால், ஒரு நாளைக்கு ஆறு டஞ்சன் முடிக்கிறேன், ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மறுநாள் அதே ஆளைப் பார்க்கப்போவதில்லை என்றால் பேசி என்ன ஆகப்போகிறது? ஒரு நாள் புதிய டேங்க் ஒருவர் வழி தெரியாமல் நின்றார். உடனே அவரை வெளியே தள்ள வாக்கெடுப்பு வந்தது. வேண்டாம் என்று அழுத்த நான் கையைக் கொண்டுபோவதற்குள் ஆள் காணாமல் போய்விட்டார். அதற்கு முந்தைய வாரம் இன்னொருவரைத் தள்ள நானும் ஓட்டுப் போட்டிருந்தேன். அது இன்றும் உறுத்துகிறது.

பட்டறை வாசல் காலியானது. டஞ்சன் பொருட்களே போதும் என்றானதும் கொல்லர் வருவதை நிறுத்திவிட்டார்.

இதற்காக நான் வசதிகளுக்கு எதிரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வேலை, குழந்தை என்று இருப்பவர்களுக்கு ஒரு மணி நேரம் ஆள் தேடுவது முடியாத காரியம் என்று எனக்கும் தெரியும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் சர்வர்களைத் தாண்டி ஆள் சேர்க்கும் டஞ்சன் ஃபைண்டர் 2009 டிசம்பரில் வந்தது. அது நல்லதா கெட்டதா என்ற சண்டை பல வருடம் ஓடியது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததால்தான் அவ்வளவு நாள் ஓடியது. ஃபைனல் ஃபேண்டஸி 14-லும் தானாக ஆள் சேர்க்கும் வசதி உண்டு. ஆனால் அங்கே குழுவில் ஒருவர் அந்த டஞ்சனுக்கு முதல் தடவை வருகிறார் என்றால், முடித்ததும் எல்லோருக்கும் கூடுதல் பரிசு கிடைக்கும். அப்படி ஒருவர் இருக்கிறார் என்று திரையிலேயே செய்தி வரும். புதியவர் தடுமாறினால், என் அனுபவத்தில், யாராவது நின்று சொல்லிக்கொடுக்கிறார்கள். அதே பொத்தான்தான். அந்நியரைப் பார்த்தால் எரிச்சல் வருமா, மகிழ்ச்சி வருமா என்பதை இவ்வளவு சின்ன விதி தீர்மானிக்கிறது. கேம்களை ஒப்பிடும்போது நான் முதலில் தேடுவது இந்த மாதிரி விதிகளைத்தான். வரைபடம் எத்தனை சதுர கிலோமீட்டர், எத்தனை இனம், எத்தனை குதிரை என்பதெல்லாம் அப்புறம்.

ஹீலர் என்று சொன்னதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லை என்றாலும். வாய்ஸ் சாட்டில் என் குரலைக் கேட்டதும் 'யாருடைய மனைவி?' என்று கேட்டவர்களை எண்ணி மாளாது. 'அதான் ஹீலரா ஆடறீங்களா?' என்று அடுத்த கேள்வி. நான் ஹீலரானது, நாற்பது பேர் உயிரும் குறைந்துகொண்டே வருகிற அந்தப் பத்து நொடியில் யாரைக் காப்பாற்றுவது, யாரை விடுவது என்று முடிவெடுக்கிற வேலை எனக்குப் பிடித்ததால். மூன்று வருடம் கில்டின் ரெய்டு (பெரிய கூட்டமாகச் சேர்ந்து பாஸை அடிக்கும் ஆட்டம்) அட்டவணையைப் போட்டவளும் நான்தான். யாருக்கு எந்த நாள் வேலை, யார் யாரோடு பேசுவதில்லை, யாருக்கு இன்னும் கவசம் கிடைக்கவில்லை என்று வாரா வாரம் எக்செல் தாளில் போட்டுக் கணக்குப் பார்ப்பேன். பாஸ் விழுந்தால் பாராட்டு டேங்குக்கு, விழாவிட்டால் கேள்வி ஹீலருக்கு. புதிதாகக் கேம் உருவாக்குபவர்கள் போர்முறையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். கில்டு நடத்துகிறவருக்கு ஒரு உருப்படியான நாட்காட்டி கொடுப்பதைப் பற்றிப் பேசியவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

சரி, காத்திருந்த கதைக்கு வருகிறேன்.

கில்டு கலையத் தொடங்கியபோது பதினான்கு பேர் மிஞ்சினோம். அப்போது ஒரு புதிய கேம் மக்களிடம் நிதி திரட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் இழந்த எல்லாவற்றையும் திருப்பித் தருவதாக வாக்குறுதி. கொல்லனுக்கு மதிப்பு உண்டு, பயணத்துக்கு அர்த்தம் உண்டு, சர்வருக்கு ஒரு சமூகம் உண்டு என்றார்கள். பதினான்கு பேரும் பணம் கட்டினோம். அன்று இரவே யார் டேங்க், யார் கொல்லர், எங்கே வீடு கட்டுவது என்று பேசி முடித்துவிட்டோம். அதன்பிறகு ஒவ்வொரு மாதமும் அவர்கள் போடும் வீடியோவைச் சேர்ந்து பார்ப்போம். முதல் வருடம் எல்லோரும் வந்தோம். இரண்டாவது வருடம் எட்டுப் பேர். ஒருவருக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன, ஒருவருக்குக் கை நரம்புப் பிரச்சினை வந்து மவுஸைப் பிடிக்க முடியாமல் போனது, ஒருவர் சொல்லாமலே மறைந்தார். ஆல்பா என்ற முதல்கட்டச் சோதனை ஆட்டத்துக்கு அழைப்பு வந்தபோது ஐந்து வருடம் ஓடியிருந்தது. உள்ளே வந்தவர்கள் மூன்று பேர். கேம் மோசமில்லை. ஆனால் பேசி வைத்திருந்த இடத்தில் போய் நின்றோம், கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசவில்லை. அப்புறம் லாக் அவுட் செய்துவிட்டோம்.

இது என் ஒருத்தியின் துரதிர்ஷ்டம் என்று நினைத்தால் வருடங்களைப் பாருங்கள். ஸ்டார் சிட்டிசன் நிதி திரட்டியது 2012-ல், கேம்லாட் அன்செயின்ட் 2013-ல், பத்து வருடம் கழித்தும் இரண்டும் முழுமையாக வெளிவரவில்லை. பேந்தியன் 2014-ல் நிதி கேட்டு இலக்கை எட்டவில்லை, வேறு வழியில் தொடர்ந்து 2024 டிசம்பரில் முழுமையாகாத நிலையிலேயே ஆட விடுகிற 'ஏர்லி ஆக்சஸ்' கட்டத்துக்கு வந்தது. பழைய எம்எம்ஓவான எவர்குவெஸ்டை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான பிராட் மெக்குவெய்ட் தொடங்கிய கேம் அது, அவர் 2019-லேயே காலமாகிவிட்டார். ஆஷஸ் ஆஃப் கிரியேஷன் 2017-ல் மக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் முப்பது லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது, இரண்டாம் ஆல்பா 2024 அக்டோபரில்தான் தொடங்கியது. கிரவ்ஃபால் 2015-ல் திரட்டி 2021-ல் வெளிவந்து 2022-ல் மூடப்பட்டது.

பெரிய நிறுவனங்களிடம் பணம் இருக்கிறதே என்பீர்கள். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் உலகத்தை வைத்து ரயட் நிறுவனம் உருவாக்குகிற எம்எம்ஓ பற்றி 2020 டிசம்பரில் தெரியவந்தது. 2024-ல், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கிவிட்டோம், இனி நீண்ட காலம் எதுவும் சொல்லமாட்டோம் என்றார்கள். எவர்குவெஸ்ட் நெக்ஸ்ட் 2016-ல் கைவிடப்பட்டது. பிளிஸார்ட் பல வருடம் உழைத்த டைட்டனைக் கைவிட்டதாக 2014-ல் அறிவித்தது, மிஞ்சியதிலிருந்து ஓவர்வாட்ச் என்ற கேமை உருவாக்கியது. தாமதத்துக்கு எல்லா இடத்திலும் ஏமாற்றுத்தனம் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிற்கும்போது விழாத சர்வரை எழுதுவது உண்மையிலேயே கஷ்டமான வேலை. அதற்குமேல் பொருளாதாரம், போர், கதை எல்லாம் உட்கார வேண்டும். இலவு காத்த கிளியைக் குறை சொல்லலாம், மரத்தைச் சொல்லிப் பயனில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பிளேயர்கள் எல்லோருக்கும் ஒரே ஆசை இருப்பதுபோலப் பேசுவதுதான் முதல் தவறு. கேம் ஆய்வாளர் ரிச்சர்ட் பார்ட்டில் 1996-லேயே நான்கு வகையாகப் பிரித்து எழுதினார். சாதிக்க வருபவர்கள், உலகத்தைத் துழாவ வருபவர்கள், பழக வருபவர்கள், மற்றவர்களை அடிக்க வருபவர்கள். இதில் ஒரு கூட்டம் அளவுக்கு மீறினால் இன்னொரு கூட்டம் ஓடிவிடும். நியூ வேர்ல்ட் முதலில் யாரும் யாரையும் கொல்லலாம் என்ற திட்டத்தோடு கிளம்பியது. சோதனையில் பலசாலிகள் புதியவர்களைக் கொன்று குவித்தார்கள். வெளியீட்டுக்கு முன்பே அந்தத் திட்டம் மாற்றப்பட்டது. 2021 செப்டம்பரில் வெளிவந்தபோது ஸ்டீம் என்ற கேம் விற்பனைத் தளத்தில் ஒரே நேரத்தில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆடினார்கள். சில மாதங்களில் பெரும்பகுதி காலி. வருவதற்கு ஆள் குறைவில்லை, இருப்பதற்குத்தான் காரணம் போதவில்லை.

'இதெல்லாம் பழைய நினைப்பு மயக்கம், அன்று உனக்கு வயது குறைவு, நேரம் இருந்தது' என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு இது கொஞ்சம் கோபம் வரவைக்கிற வாதம். ரன்ஸ்கேப் பிளேயர்கள் பழைய 2007 வடிவத்தைத் திரும்பக் கேட்டபோது வாக்கெடுப்பு வைத்தார்கள், நான்கரை லட்சம் ஓட்டு விழுந்தது. 2013 பிப்ரவரியில் திறந்த அந்தப் பழைய கேம் இன்றும் ஓடுகிறது, இப்போது முதல் தடவையாக ஆட வருகிறவர்கள்கூட இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன பழைய நினைப்பு? அங்கே புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால் பெரும்பாலும் பிளேயர்களின் ஓட்டு வேண்டும், முன்பு 75 சதவீதம், இப்போது 70. பாதிக்கு மேல் கேட்டும் வராமல் போன மாற்றங்கள் உண்டு. எனக்குப் பிடித்த ஏற்பாடு இது. கேட்பதையெல்லாம் உடனே கொடுத்தால் என்ன ஆகும் என்று பட்டறை வாசலில் பார்த்தவள் நான்.

இன்னொரு ஆசையும் உண்டு. பெரும்பாலானவர்கள் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. நான் செலவழித்த காலம் ஒரு நாள் காலையில் துடைக்கப்பட்டுவிடக் கூடாது என்பதுதான் அது. சிட்டி ஆஃப் ஹீரோஸ் 2012 நவம்பரில் மூடப்பட்டது. ரசிகர்கள் அதை விடவில்லை, தாங்களே சர்வர் நடத்தினார்கள். 2024 ஜனவரியில் உரிமையாளரான என்சிசாஃப்ட் ஹோம்கமிங் என்ற அந்த ரசிகர் சர்வருக்கு முறையான உரிமம் கொடுத்தது. வரப்போகிற எந்த கேமைப் பற்றிப் பேசினாலும் இதைக் கேளுங்கள்: மூடுகிற நாளில் எங்களிடம் என்ன மிஞ்சும்? பதில் சொல்கிற நிறுவனத்தை இன்னும் நான் பார்க்கவில்லை, ஆனால் கேட்பதை நிறுத்தமாட்டேன்.

கிராஃபிக்ஸ் முக்கியமில்லையா என்றால், முக்கியம்தான். அழகான இடத்தில் இருக்கத்தான் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் அதை டிரெய்லரிலேயே பார்த்துவிடலாம். நேற்று சேர்ந்து ஆடிய ஆளை நாளைக்கும் பார்ப்பேனா, என்னால் முடியாததை இன்னொருவரிடம் போய்க் கேட்க வேண்டி வருமா, அவருக்கு என்னால் ஏதாவது ஆகுமா என்பதெல்லாம் டிரெய்லரில் தெரியாது. பீட்டா என்ற, வெளியீட்டுக்கு முந்தைய சோதனையில் இருப்பவர்களிடம் விசாரித்தால் தெரியும்.

ஆல்பாவுக்கு வந்த அந்த மூன்று பேரும் இப்போது புதியது எதற்கும் காத்திருக்கவில்லை. ஏற்கெனவே பத்து வருடத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிற ஒரு கேமில் சேர்ந்துவிட்டோம். வாரத்தில் இரண்டு இரவு ஆடுகிறோம். நான் ஹீலர், மற்ற இருவரும் அடிப்பவர்கள். பழைய டேங்குக்கு, இரட்டைக் குழந்தைகளுக்கு அப்பா ஆனவர் அவர்தான், போன மாதம் செய்தி அனுப்பினேன். பிள்ளைகள் இப்போது ராத்திரி ஒழுங்காகத் தூங்குகிறார்களாம், பழைய பாஸ்வேர்டைத் தேடிப் பார்க்கிறேன் என்று பதில் வந்தது.