249 கிராம் ட்ரோனுக்கு அனுமதியே வேண்டாமா?

பழைய வண்ணாரப்பேட்டை வாசகி ஒருவர் கேட்கிறார்: “துபாயில் இருக்கும் என் தம்பி, ப்ளஸ் டூ முடித்த என் மகனுக்கு 249 கிராம் ட்ரோன் வாங்கி வருகிறானாம். இந்த எடைக்கு எந்த அனுமதியும் தேவையில்லை என்கிறான். காசிமேட்டில் பறக்கவிடலாமா?”

முதல் வேலையாகத் தம்பிக்கு போன் போட்டு, வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்புத் தேவைகளுக்கு மட்டுமே விலக்கு. மாமன் சீராக வருகிறது என்றால் சுங்கத்தில் விடமாட்டார்கள். இங்கே தயாரானதை வாங்குங்கள்.

தம்பி சொன்னது பாதி சரி. 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை ‘நானோ’. இதற்குப் பைலட் சான்றிதழ் வேண்டாம், காப்பீடும் வேண்டாம். ஆனால் பதிவு செய்து தனி அடையாள எண் வாங்கத்தான் வேண்டும். கட்டணம் 100 ரூபாய். இன்னொன்று: றெக்கை உடையாமலிருக்க வளையம் மாட்டுவார்கள். அதோடு சேர்த்து 250 கிராமைத் தாண்டினால் அது ‘மைக்ரோ’. பொழுதுபோக்குக்கு அப்போதும் சான்றிதழ் கேட்கமாட்டார்கள், காப்பீடு கேட்பார்கள். சமையல் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள்.

எடை எவ்வளவாக இருந்தாலும் வான்வெளி வரைபடத்திலிருந்து விலக்கு கிடையாது. பலரும் சறுக்குவது இங்கேதான். ட்ரோன்களுக்கான அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடம் பச்சை காட்டும் இடத்தில் 400 அடி வரை யாரையும் கேட்காமல் பறக்கலாம். மஞ்சள் என்றால் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையின் அனுமதி, சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி. மீனம்பாக்கம் விமான நிலையம் 12 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால், அதைச் சுற்றி வரும் மஞ்சள் தொல்லை காசிமேட்டுக்கு இல்லை. ஆனால் பக்கத்திலேயே சென்னைத் துறைமுகம், தெற்கே தலைமைச் செயலகமும் ராணுவமும் இருக்கும் கோட்டை, வடக்கே மணலி சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் அனல்மின் நிலையங்கள். நம்ம வடசென்னையில் ‘கடற்கரைதானே, காலி இடம்தானே’ என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யவே கூடாது. பறக்கும் அன்று காலையிலும் வரைபடத்தைத் திறந்து பாருங்கள்; தலைவர்கள் வருகை போன்ற நேரங்களில் 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு அறிவிக்கலாம். மீறினால் அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகும்.

பச்சை என்றே வந்தாலும், பழகும் பையனுக்குக் காசிமேடு வேண்டாம் என்பேன். விடியற்காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். போகும்போது ட்ரோன் வழுக்கிக்கொண்டு போகும். பேட்டரி பாதியான பிறகு எதிர்க்காற்றில் திரும்ப முடியாமல் தண்ணீரில் விழும். கடல் பக்கம் போனால் பேட்டரி 60 சதவீதத்திலேயே திருப்பச் சொல்லுங்கள். மீன் வாடைக்கு வட்டமிடும் பருந்துகள் ட்ரோன் மேலும் பாயும். அப்போது கீழே இறக்காமல் சட்டென்று மேலே ஏற்ற வேண்டும், பருந்தால் அந்த வேகத்தில் செங்குத்தாக ஏற முடியாது. தடை இருந்தும் மாஞ்சா நூல் இன்னும் பறக்கும் ஏரியா வேறு. றெக்கையில் சிக்கினால் கல் மாதிரி விழும். விசைப்படகு, இரும்பு மூடி மேல் வைத்துக் கிளப்பினால் ட்ரோனுக்குள் இருக்கும் திசைகாட்டி குழம்பும்.

முதல் பத்து நாள், பச்சை காட்டும் ஒரு மைதானத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத காலை ஆறு மணிக்கு, தென்னை உயரத்துக்கு மேல் போகாமல், கண் பார்வையிலேயே வைத்து ஓட்டட்டும்.