வலது கை மட்டும் ஆடினால் போதுமா?

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. மூன்று வருடமாகப் பரதநாட்டியம் கற்கிறாள். அடுத்த மாதம் அமெரிக்காவிலிருந்து வரும் அவள் மாமா நின்டெண்டோ ஸ்விட்ச் 2 என்ற வீடியோ கேம் கன்சோல் வாங்கி வருகிறார். அதில் நடன விளையாட்டு இருக்கிறதாம். ‘தினமும் அதுல ஆடினாலே மஸில் மெமரி வந்துடும்ப்பா, கிளாஸ் வேண்டாம்’ என்கிறாள். வகுப்பிலும் மூன்று வருடமாக அதே அடவுகளை, அடிப்படை ஆட்ட அசைவுகளைத்தான் திரும்பத் திரும்பப் போட வைக்கிறார்கள். நிறுத்திவிட்டால் மாதம் 1,500 ரூபாய் மிச்சம். அவள் சொல்வது சரிதானே?
- திருச்சி வாசகர் ஒருவர்

பதில்: சரியில்லை. ஆனால் அதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் உங்களால் மறுத்துப் பேச முடியவில்லை. தினமும் ஆடினால் தசை நினைவு வரத்தான் செய்யும். எந்த ஆட்டத்துக்கான தசை நினைவு என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்க வேண்டியதும் இல்லை. அப்பா கேட்டிருக்க வேண்டும்.

முதலில் அந்தப் பெட்டியைப் பற்றி. அது வரட்டும், நான் தடை சொல்லவில்லை. 2025 ஜூன் 5-ஆம் தேதி வெளியான ஸ்விட்ச் 2, நான்கே நாளில் உலகம் முழுக்க 35 லட்சத்துக்கு மேல் விற்றது. புது கன்சோல் என்றால் பிள்ளைகளுக்கு இருக்கும் பரபரப்பு எனக்குப் பிடித்தமான ஒன்று. என்ன விளையாட்டு வரும், யாரோடு சேர்ந்து ஆடலாம் என்று உங்கள் மகள் இப்போதே கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். அந்த ஆசையைக் கெடுக்காதீர்கள். அதன் தலையில் நடன ஆசிரியர் வேலையைக் கட்டுவதுதான் தப்பு.

போன தீபாவளிக்கு அக்கா வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அக்கா பையனுக்கு ஒன்பது வயது. கன்ட்ரோலரை வலது கையில் பிடித்துக்கொண்டு, திரையில் ஆடுகிற உருவத்தைப் பார்த்து ஆடினான். முதல் பாட்டுக்குக் குதித்தான், சுழன்றான், வேர்த்துப்போனான். மூன்றாவது பாட்டில் சோபாவில் சாய்ந்தபடியே மணிக்கட்டை மட்டும் வெட்டி வெட்டித் திருப்பினான். மதிப்பெண் குறையவே இல்லை. 2009-இல் வீ கன்சோலுக்கு வந்த ஜஸ்ட் டான்ஸ் தொடங்கி, இந்த வகை விளையாட்டுகள் பெரும்பாலும் கையில் இருக்கும் கன்ட்ரோலர் எப்படி அசைகிறது என்பதை வைத்துத்தான் மதிப்பெண் போடுகின்றன. இடது கை எங்கே இருக்கிறது, முட்டி மடங்கியதா, முதுகு நிமிர்ந்ததா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் சேராது. பையன் ஏமாற்றவில்லை. எதைப் பார்க்கிறார்கள் என்று உடம்பு கண்டுகொண்டது, அதை மட்டும் செய்தது. எல்லா உடம்பும் அப்படித்தான்.

காலைக் கவனிக்கும் விளையாட்டும் உண்டு. 1998-இல் ஜப்பானில் கொனாமி கொண்டுவந்த டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷனில், தரையில் இருக்கும் நான்கு அம்புக்குறிகளைத் திரை சொல்லும் நேரத்தில் மிதிக்க வேண்டும். அதில் தேறியவர்களின் கால் வேகம் நிஜமானது, தாளத்தை அவர்கள் விடுவதில்லை. ஆனால் கடினமான பாட்டு வந்தால் பலர் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மேலுடம்பை அசைக்காமல் மிதிப்பார்கள். அந்த விளையாட்டுக்கு அதுதான் சரியான முறை. நடனத்துக்கு அல்ல.

முழு உடம்பையும் பார்க்கும் கேமராவையும் ஒருமுறை செய்து பார்த்துவிட்டார்கள். 2010 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்த கினெக்ட், அறுபது நாளில் 80 லட்சம் விற்றது. உடம்பில் 20 இடங்களை அது பின்தொடரும்: தலை, தோள், முழங்கை, இடுப்பு, முட்டி, கணுக்கால் என்று. விரல்கள் அந்த இருபதில் இல்லை, கண்ணும் இல்லை. பரதத்தின் கை முத்திரைகளான பதாகத்துக்கும் திரிபதாகத்துக்கும் மோதிர விரல் ஒன்றுதான் வித்தியாசம். அதைப் பார்க்காத ஒன்று பரதத்தில் என்ன திருத்திவிடும்? 2017-இல் கினெக்ட் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். அதற்குள் அந்தப் பரபரப்பும் அடங்கிப் பல வருடம் ஆகியிருந்தது.

இனி தசை நினைவு. பெயர்தான் அப்படி, தசையில் எதுவும் பதிவதில்லை. மூளையில், அதிலும் சிறுமூளை போன்ற பகுதிகளில் பதிகிறது. நாம் ‘ஞாபகம்’ என்று சொல்லும் சமாசாரத்துக்கும் அதற்கும் பாதையே வேறு. ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953-இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு புதிதாக எதையும் அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டே ஒரு நட்சத்திரத்தை வரையச் சொல்லி அவரைப் பழக்கினார். மூன்று நாள். ஒவ்வொரு நாளும் ‘இதை நான் செய்ததே இல்லை’ என்ற நிலையில்தான் மொலைசன் உட்கார்ந்தார். கை மட்டும் நாளுக்கு நாள் தேறியது. மனசுக்குத் தெரியாததைக் கை கற்றுக்கொண்டுவிட்டது. உங்கள் வீட்டில் நடப்பது அதற்குத் தலைகீழ். அடவு எப்படிப் போட வேண்டும் என்று மகளுக்குத் தெரியும், அதற்கான தாளச் சொற்களான சொல்லுக்கட்டும் மனப்பாடம். அதனால் ‘போர் அடிக்கிறது’ என்கிறாள். காலுக்கு இன்னும் தெரியாது என்பது ஆசிரியருக்குத் தெரிகிறது.

இந்த நினைவுக்குச் சரி எது, தப்பு எது என்ற பேதம் கிடையாது. எத்தனை முறை செய்தாயோ அதுதான் பதியும், பதிந்த பிறகு லேசில் போகாது. கன்சோல் உலகத்திலேயே இதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. ஜப்பானில் 1994-இல் பிளேஸ்டேஷன் வந்தபோது ‘சரி’ என்று சொல்ல வட்டப் பொத்தான், ‘வேண்டாம்’ என்று சொல்லப் பெருக்கல் குறி. 2020-இல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது மற்ற நாடுகளைப் போல அங்கேயும் மாற்றிப்போட்டார்கள். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வட்டத்தை அழுத்தியே பழகிய கட்டைவிரலுக்கு இது எப்பேர்ப்பட்ட தொல்லை என்று பாருங்கள். ஒரு பொத்தானுக்கே இப்படி. முட்டி சரியாக மடங்காமல் எழும்பிய அரைமண்டியோடு ஒரு வருடம் ஆடிப் பழகிய உடம்பைத் திருத்துவது புதிதாகக் கற்றுத் தருவதைவிடக் கஷ்டம். நாட்டிய ஆசிரியர் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமை காலையில் நாட்டிய வகுப்பு நடக்கும். அன்றைக்கு நாட்டடவு என்ற அடவு. காலை நீட்டிக் குதிகாலை ஊன்றும்போது பிள்ளைகள் எல்லாருக்கும் உடம்பு தானாக மேலே எழும்பும். மறுகாலின் மடிப்பு கலையும். வகுப்பு எடுக்கும் அம்மா, தாளம் தட்டும் தட்டுக்கழியைக் குறுக்கே ஏந்தி, ஒரு சின்னப் பெண்ணின் தலைக்கு ஒரு விரற்கடை மேலே பிடித்திருந்தார். ‘தெய்யும் தத் தத் தெய்யும் தா’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தலை கழியைத் தொட்டால் நிறுத்துவார், மறுபடி முதலிலிருந்து. அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், தலை படாமல் முடித்தாள். இரண்டாம் காலத்தில் பட்டது. மூன்றாம் காலத்துக்கு அன்றைக்கு அவளை விடவே இல்லை. நான் கால் மணி நேரம் நின்று பார்த்தேன், அந்த ஒரு அடவுதான். அடவு பிசகும் அந்த நொடியிலேயே, அது பதிவதற்கு முன்னால் நிறுத்துகிற கண் ஒன்று அங்கே இருந்தது. நீங்கள் மாதம் 1,500 ரூபாய் கொடுப்பது அந்தக் கண்ணுக்கு.

‘மூன்று வருடமாக அதே அடவு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அடவு முடியாமல் முதல் உருப்படியான அலாரிப்புக்குக்கூடப் போக முடியாது. அங்கிருந்து ஜதிஸ்வரம், சப்தம், பிறகு வர்ணம். வர்ணம் அரை மணி நேரத்துக்கு மேலும் போகும். முகத்தில் பாவமும் வேண்டும், தாளச் சொற்கோவையான ஜதிக்குக் காலும் தப்பக் கூடாது. அந்த இடத்தில் காலைப் பற்றி யோசிக்கிறவளுக்கு முகம் வராது. காலை மறந்துவிட்டு ஆட வேண்டும் என்பதற்காகத்தான் இப்போது காலையே நினைத்துக்கொண்டு பழகச் சொல்கிறார்கள். சிலப்பதிகாரத்து மாதவிக்கு இதற்கு ஏழு ஆண்டு ஆயிற்று. உங்கள் மகளுக்கு இப்போதுதான் மூன்று.

மகள் உண்மையிலேயே பரதத்தை விட்டுவிட விரும்பினால் அது வேறு பேச்சு. அப்படியானால் விட்டுவிடலாம், குற்றமில்லை. ஆனால் அதை அவள் வாயால் கேளுங்கள். கன்சோலைச் சாக்கு வைத்து நீங்களும் அவளும் சேர்ந்து அந்தப் பேச்சைத் தவிர்க்காதீர்கள். மிச்சமாகும் பணத்தை அதில் இழுக்காமல் கேளுங்கள்.

பெட்டி வரும்வரை ஒரு மாதம் இருக்கிறது. அதற்குள் ஒரு நாள் ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, வகுப்பு முழுக்க ஓரமாக உட்காருங்கள். போனை வெளியே எடுக்க வேண்டாம். உங்கள் மகளை அவர் எத்தனை முறை நிறுத்துகிறார், ஒவ்வொரு முறையும் எதற்காக நிறுத்துகிறார் என்று குறித்து வைத்து எனக்கு எழுதுங்கள்.