பழைய ரேஸ் கார் சாயலில் சைக்கிள்கார்ட்: முதலில் எதில் கை வைப்பது?

1920களின் ரேஸ் கார் போன்ற சைக்கிள்கார்ட்டை (பைக் சக்கரங்களும் சிறு எஞ்சினும் கொண்ட குட்டி கார்) புதுச்சேரியிலேயே கட்ட முடியுமா, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். பைக் உதிரிபாகக் கடை, லேத் பட்டறை, பம்புசெட் எஞ்சின் கடை, இந்த மூன்றும் போதும். ஆனால் பாடியில் தொடங்காதீர்கள். முன் சக்கர அச்சில் தொடங்குங்கள்.

அளவுகள் எளிது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே சுமார் 1,675 மி.மீ., இடது வலது சக்கரங்களுக்கு நடுவே சுமார் 940 மி.மீ., ஓட்டுபவர் இல்லாமல் 115 கிலோவுக்குள் எடை. சட்டத்துக்கு 50×25 மி.மீ., 2 மி.மீ. கனமுள்ள செவ்வகப் பைப் இரண்டு. சக்கரத்துக்கு பஜாஜ் சிடி100-இன் கம்பி வீல், 2.75-17 டயர்.

பைக்கில் ஃபோர்க் சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்குகிறது. கார்ட்டில் ஒரு பக்கம்தான் பிடிப்பு. பைக்கின் 12 மி.மீ. அச்சை அப்படியே பொருத்தினால் திருப்பத்தில் வேர்ப்பகுதி வளையும், பிறகு முறியும். இஎன்8 (நடுத்தர கார்பன் எஃகு) இரும்பில் 17 மி.மீ. அச்சு கடைந்துகொள்ளுங்கள். ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடம்) உள்ள பழைய பேரிங் 6301 என்றால் அதன் வெளிவிட்டம் 37. அதை 40 ஆக லேத்தில் விரித்தால் 6203 உட்காரும். ஹப் சுவர் மெலிதாக இருந்தால் விரிக்காமல், 1 மி.மீ. சுவருள்ள புஷ் போட்டு 6003 வையுங்கள். அது 2 மி.மீ. அகலம் குறைவு, வாஷரால் ஈடுகட்ட வேண்டும். இரண்டு பேரிங்குக்கும் நடுவே வரும் குழாயையும் புதிதாகக் கடைய வேண்டும். அதன் நீளம் குறைந்தால் நட்டை முறுக்கியதுமே பேரிங் இறுகி, சூடேறிப் போய்விடும்.

அச்சை வேரில் வெல்டு அடிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். இஎன்8 வெல்டு ஓரத்தில் கடினமாகி விரிசல் விடும். முன் சக்கரம் திரும்பும் செங்குத்து முளையான கிங்பின்னோடு சேர்ந்த 12 மி.மீ. தகட்டில் துளையிட்டு, அச்சுக்குத் தோள் விட்டு, பின்பக்கம் நட்டால் இறுக்குவதே சரி.

கிங்பின்னின் மேல்முனை 10 முதல் 12 டிகிரி பின்னால் சாயட்டும். ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பும். ஸ்டீயரிங் கைகளை (கிங்பின்னிலிருந்து நீண்டு சக்கரத்தைத் திருப்பும் தண்டுகள்) இணையாக வைக்காதீர்கள். கிங்பின்னிலிருந்து அவற்றின் வழியே கோடு இழுத்தால் இரண்டும் பின் அச்சின் நடுவில் சந்திக்க வேண்டும். இல்லாவிட்டால் திருப்பத்தில் முன் டயர் தேய்ந்துகொண்டே போகும். இரண்டு முன் சக்கரங்களுக்கும் நடுவே உள்ள தூரம் பின்பக்கத்தைவிட முன்பக்கத்தில் 3 மி.மீ. குறைவாக இருந்தால் போதும்.

பின் அச்சுக்கு 25 மி.மீ. இஎன்8 கம்பி, யுசிபி205 பிளம்மர் பிளாக் (சட்டத்தில் போல்ட் செய்யும் பேரிங் தாங்கி) இரண்டு. ஒரு சக்கரத்தை மட்டும் 8 மி.மீ. கீ (பூட்டும் இரும்புத் துண்டு) போட்டு அச்சோடு பூட்டுங்கள். மற்றது பேரிங்கில் சும்மா சுழலட்டும். இரண்டையும் பூட்டினால் டிஃபரென்ஷியல் (இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு) இல்லாத வண்டி திருப்பத்தில் நேராகவே தள்ளும். இதனால் அச்சில் மாட்டும் டிஸ்க் பிரேக் ஒரே சக்கரத்தைத்தான் பிடிக்கும். அது மட்டும் போதாது. முன் ஹப்களின் டிரம்களையும் இயக்குங்கள். பிரேக் பிளேட்டின் நடுத்துளையையும் 17-க்கு விரித்து, அது சுழலாமல் கிங்பின் தகட்டோடு ஒரு இரும்புப் பட்டையால் இணையுங்கள். இரண்டு டிரம்களின் கேபிளுக்கும் நடுவே சமன் செய்யும் பட்டை அவசியம். இல்லாவிட்டால் பிரேக் மிதித்ததும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

எஞ்சினுக்கு ஹோண்டா ஜிஎக்ஸ்200, 196 சி.சி. சென்ட்ரிஃபியூகல் கிளட்சில் (சுற்று கூடியதும் தானாகப் பிடிக்கும் கிளட்ச்) 12 பல், இடை அச்சில் 32. அங்கிருந்து 428 செயினில் 14-க்கு 42. மொத்தம் 8 மடங்கு குறைப்பு. நிமிடத்துக்கு 3,600 சுற்றில் மணிக்குச் சுமார் 48 கி.மீ. வேகம் வரும், இந்த பிரேக்குக்கு அதுவே அளவு. குறைப்பை 5, 6 ஆக்கினால் கிளட்ச் நெடுநேரம் நழுவிக் கருகும். எஞ்சின் சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னரைக் கழற்றாதீர்கள், கனெக்டிங் ராடு அதற்கு மேற்பட்ட சுற்றுக்குச் செய்யப்பட்டதல்ல.

உருவத்துக்கு பலரும் புகாட்டி டைப் 35-ஐத்தான் நினைக்கிறார்கள். அதன் சக்கரம் எட்டுக் கால் அலுமினிய வார்ப்பு, கம்பி வீலில் அந்தச் சாயல் வராது. பிரெஞ்சுக்காரர்களின் அமில்கார், அல்லது 1924-இன் ஆல்ஃபா ரோமியோ பி2 பொருந்தும். சட்டத்துக்கு மேல் 4 மி.மீ. மரைன் பிளைவுட், வளைவுகளுக்கு அலுமினியத் தகடு.

பதிவு எண் இல்லாமல் பொது இடத்தில் ஓட்ட மோட்டார் வாகனச் சட்டம் இடம் தராது. பீச் ரோடு, ஈசிஆர் ஆசை வேண்டாம். சொந்த வளாகம் உள்ளவரிடம் அனுமதி கேளுங்கள்.

நம் கடல்காற்றில் பைப் உள்ளிருந்துதான் துருப்பிடிக்கும். முனைகளை மூடி, அடியில் 5 மி.மீ. வடிகால் துளை விட்டு, உள்ளே ரெட் ஆக்சைடை ஊற்றிச் சுழற்றி வடியுங்கள். அலுமினியத் தகடு இரும்பைத் தொடும் இடமெல்லாம் ரப்பர் பட்டை வையுங்கள். முதல் அரை மணி ஓட்டத்துக்குப் பிறகு வீல் கம்பிகளைத் தட்டிப் பாருங்கள். ஓசை தளர்ந்த கம்பியை இறுக்கிப் பெண்டு எடுத்த பிறகே மறுபடி ஓட்டுங்கள்.